மொன்டானா மாதிரி கிராமப்புற மாநிலத்தில் எமர்ஜென்சி டாக்டர்களை நிரந்தரமாக எடுப்பது எப்படி?

கிராமத்து_நிர்வாகி

அமெரிக்காவின் கிழக்கு மொன்டானாவில் 25 படுக்கை கொண்ட ஒரு கிரிட்டிகல் ஆக்சஸ் ஆஸ்பத்திரிக்காக (தொலைவான ஊர்களுக்கென்று அரசு அங்கீகரிக்கும் சிறு ஆஸ்பத்திரி) கேட்கிறேன். எமர்ஜென்சிக்கு வருஷத்துக்குச் சுமார் 5,500 பேர் வருகிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் பில்லிங்ஸ்தான், சாலை வழியாக இரண்டரை மணி நேரம். ஷிப்டுகளில் பாதியை லோக்கம் டாக்டர்களே, அதாவது ஏஜென்சி அனுப்பும் தற்காலிக டாக்டர்களே பார்க்கிறார்கள். எமர்ஜென்சி மெடிசினில் போர்டு சான்று பெற்றவர்கள் (அந்தத் துறைக்கான சிறப்புத் தேர்வு தேறியவர்கள்) நிரந்தரமாக வேண்டும். சம்பளத்தை ஏற்றுவதைத் தவிர வேறு என்ன செய்யலாம்? எங்கே ஆரம்பிப்பது?

இரவுப்பணி

விளம்பரத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். முதலில் அட்டவணையைப் போடுங்கள். நாங்கள் வேலை தேடும்போது சம்பளத்துக்கு முன்னால் கேட்பது "மாதத்துக்கு எத்தனை ஷிப்ட், எத்தனை மணி நேரம், எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள்" என்பதைத்தான். "ஷிப்ட் வசதிப்படி" என்று பதில் வந்தால் அந்த ஃபோன் அதோடு முடிந்தது.

வருஷத்துக்கு 8,760 மணி நேரம். நகரத்தில் ஒரு முழுநேர எமர்ஜென்சி டாக்டர் மாதம் 120 மணி, வருஷத்துக்கு 1,440 மணி வேலை செய்கிறார் என்று வைத்தால் உங்களுக்கு ஆறு பேருக்குச் சற்று மேல் வேண்டும். ஆனால் 5,500 பேர் என்றால் நாளைக்கு 15 பேர்தான். இந்த எண்ணிக்கைக்கு 24 மணி நேர ஷிப்ட் தாங்கும். ஆளுக்கு மாதம் ஆறு ஷிப்ட், வருஷத்துக்கு 72. 365ஐ 72ஆல் வகுத்தால் ஐந்து பேர் போதும். ஆறாவதாக ஒரு பகுதிநேர டாக்டரைக் கட்டாயம் வையுங்கள். ஒருவருக்குக் குழந்தை பிறந்தாலோ முதுகு பிடித்துக்கொண்டாலோ ஐந்து பேர் அட்டவணை அந்த வாரமே உடைந்துவிடும், உடனே லோக்கம் ஏஜென்சிக்கு ஃபோன் போகும்.

24 மணி நேரம் சரிவருமா என்பதை வருஷ சராசரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். 12 மாதத்துக்கு மணிவாரியாக வருகைப் பதிவை எடுங்கள். நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை சராசரியாக எத்தனை பேர், எத்தனை இரவுகளில் டாக்டருக்குத் தொடர்ச்சியாக நான்கு மணி நேரத் தூக்கம் கிடைத்திருக்கும் என்று பாருங்கள். நாளைக்கு 20 பேரைத் தாண்டினால் 24 மணி ஷிப்ட் பாதுகாப்பில்லை என்பது என் கருத்து. அப்போது 12 மணிக்கு மாறுங்கள், ஆள் எண்ணிக்கையும் ஏறும்.

இன்னொன்று: உங்கள் ஊருக்கே குடிவர வேண்டும் என்று நிபந்தனை போடாதீர்கள். டென்வரிலோ மினியாபொலிஸிலோ சால்ட் லேக் சிட்டியிலோ குடும்பத்தை வைத்துக்கொண்டு, பில்லிங்ஸுக்கு விமானத்தில் வந்து, மூன்று ஷிப்ட் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் ஏழெட்டு வருஷம் நிலைப்பார். குடிவந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், கணவனுக்கோ மனைவிக்கோ வேலை கிடைக்காமல் இரண்டாம் வருஷமே போய்விடுவார்.

வரவுசெலவு

டாக்டர் சொல்வதற்குப் பணக் கணக்கைச் சேர்க்கிறேன். மணிக்கு 220 டாலர் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் 8,760 மணிக்கு 19.27 லட்சம் டாலர். லோக்கம் ஏஜென்சி 300 டாலர் பில் போட்டால் 26.28 லட்சம். விமான டிக்கெட், ஹோட்டல், கார் தனி. ஏழு லட்சம் வித்தியாசம். பாதி ஷிப்ட் லோக்கம் என்றால் மூன்றரை லட்சம். போர்டு கூட்டத்தில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், "ஹவுசிங்குக்குப் பணம் இல்லை" என்ற பேச்சு அடங்கும்.

சம்பளத்தை ஆர்.வி.யு. கணக்கில், அதாவது பார்த்த வேலையின் அளவுக்கு ஏற்ப, கட்டாதீர்கள். நாளைக்கு 15 பேர் வரும் இடத்தில் உங்களுக்கு வேண்டியது ஒருவர் அங்கே தயாராக இருப்பது. பார்த்த ஆளுக்குக் கூலி என்றால் ஆள் குறைவாக வரும் மாதத்தில் அவருக்கு வருமானமே இருக்காது. மணிக்கணக்கில் நிலையான தொகை கொடுங்கள்.

பலர் கோட்டை விடும் விஷயம் இது. கிரிட்டிகல் ஆக்சஸ் ஆஸ்பத்திரிக்கு மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கான மத்திய அரசு இன்ஷூரன்ஸ்) ஏற்கத்தக்க செலவில் 101 சதவீதம் தருகிறது. சீக்வெஸ்ட்ரேஷன் என்ற மத்திய பட்ஜெட் வெட்டு 2 சதவீதம் போனால் கைக்கு வருவது சுமார் 99. டாக்டர் நோயாளியைப் பார்க்காமல் எமர்ஜென்சியில் காத்திருக்கும் நேரத்துக்குக் கொடுத்த பணத்தையும் காஸ்ட் ரிப்போர்ட்டில் (மெடிகேருக்குத் தரும் வருஷச் செலவுக் கணக்கு) காட்டலாம். ஆனால் எழுத்துமூலமான நேரப் பங்கீட்டு ஒப்பந்தம் வேண்டும், நேரப் பதிவு வேண்டும். இது இல்லாமல் ஆடிட்டர் வந்தால் மொத்தத்தையும் வெட்டிவிடுவார். வீட்டில் ஆன்-காலில் இருப்பவருக்குக் கொடுப்பதையும் காட்டலாம், அதே நேரத்தில் அவர் வேறு ஆஸ்பத்திரிக்கு ஆன்-காலில் இருக்கக் கூடாது. மெடிகேர் தருவது அதன் நோயாளிகளின் பங்குக்கு மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். மெத்தட் 2 பில்லிங் (டாக்டர் கட்டணத்தையும் ஆஸ்பத்திரியே மெடிகேருக்கு பில் போடும் முறை) எடுத்திருக்கிறீர்களா? எடுத்தால் டாக்டர் கட்டணத்துக்கு 115 சதவீதக் கணக்கு கிடைக்கும்.

குடும்ப_வைத்தியர்

போர்டு சான்று பெற்ற எமர்ஜென்சி டாக்டர்தான் வேண்டும் என்ற பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்று நிர்வாகி யோசிக்க வேண்டும். 2020இல் வெளியான ஆய்வில், நாட்டில் பணியில் இருந்த சுமார் 49,000 எமர்ஜென்சி டாக்டர்களில் 92 சதவீதம் பேர் நகரங்களில் இருந்தார்கள். கிராமம் முழுவதற்கும் மிச்சம் 8 சதவீதம். 2021இல், 2030வாக்கில் சுமார் 8,000 எமர்ஜென்சி டாக்டர்கள் மிகுதியாக இருப்பார்கள் என்று கணித்தார்கள். அதைப் படித்த மருத்துவ மாணவர்கள் மிரண்டு போனதும் ஒரு காரணமாகி, 2023 மேட்ச்சில் (ரெசிடென்சி என்ற சிறப்புப் பயிற்சி இடங்களை ஒதுக்கும் முறை) 554 எமர்ஜென்சி ரெசிடென்சி இடங்கள் காலியாக நின்றன. நாடு முழுக்க மிகுதி என்று பேசிய காலத்திலும் கிழக்கு மொன்டானாவில் பற்றாக்குறைதான். மிகுதியானவர்கள் தானாக வழிந்து உங்கள் ஊருக்கு வரமாட்டார்கள்.

கிராமத்து எமர்ஜென்சியைக் காலங்காலமாகத் தாங்குவது ஃபேமிலி மெடிசின்காரர்கள். உங்கள் மெடிக்கல் ஸ்டாஃப் பைலாவை (டாக்டர்களுக்கான உள்விதிகள்) எடுத்துப் பாருங்கள். "எமர்ஜென்சி மெடிசின் போர்டு சான்று கட்டாயம்" என்று யாரோ எப்போதோ எழுதிய ஒரு வரி இருந்தால், நல்ல ஆள் விண்ணப்பித்தாலும் தகுதியைச் சரிபார்க்கும் கிரெடென்ஷியலிங் கமிட்டியில் நின்றுவிடும். அதற்குப் பதில் திறமையை எழுதுங்கள்: ஏ.டி.எல்.எஸ். (விபத்துக் காயம்), ஏ.சி.எல்.எஸ். (இதயம்), பி.ஏ.எல்.எஸ். (குழந்தைகள்) என்ற உயிர்காப்புப் பயிற்சிச் சான்றுகள் நடப்பில் இருக்க வேண்டும், கடந்த 24 மாதத்தில் செய்த இன்ட்யூபேஷன் (மூச்சுக்குழாயில் ட்யூப்), செஸ்ட் ட்யூப் (நெஞ்சுக்கூட்டில் ட்யூப்), சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தநாளத்தில் ட்யூப்) பட்டியல் வேண்டும், குறைவாக இருந்தால் முதல் மூன்று மாதத்தில் சிமுலேஷனும் மேற்பார்வையும்.

கல்விக்கடன் பக்கத்திலும் ஒரு வித்தியாசம் உண்டு. பற்றாக்குறைப் பகுதியில் வேலை செய்பவருக்கு அரசு தரும் நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் கடன் உதவியில் எமர்ஜென்சி மெடிசின் இல்லை. ஆனால் ஃபேமிலி மெடிசின் டாக்டர் வாரம் 16 மணி நேரம் கிளினிக்கில் புற நோயாளிகளைப் பார்த்தால், மிச்ச 24 மணியைக் கிரிட்டிகல் ஆக்சஸ் ஆஸ்பத்திரியில் செலவிடலாம், முழுநேரமாகக் கணக்கில் வரும். கிளினிக்குக்கும் ஆள், எமர்ஜென்சிக்கும் ஆள்.

இரவுப்பணி

டாக்டர் சொல்வதோடு பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் நாளைக்கு 15 பேர் வரும் இடத்தில், யாராக இருந்தாலும், கை மறந்து போவதுதான் பெரிய பிரச்சினை. ஆறு பேர் பங்கு போட்டால் ஒருவருக்கு வருஷத்தில் வரும் கடினமான ஏர்வேயை (ட்யூப் போடச் சிரமமான மூச்சுவழி) விரல் விட்டு எண்ணலாம். எமர்ஜென்சி ரெசிடென்சி முடித்த இளம் டாக்டர்கள் கிராமத்துக்கு வரப் பயப்படுவதற்குப் பனியையும் தனிமையையும்விட இது பெரிய காரணம். மூன்று வருஷம் கழித்து நகரத்துக்குத் திரும்ப நினைத்தால் "கை ஓடுமா" என்ற சந்தேகம்.

இதற்குத் தீர்வை ஒப்பந்தத்திலேயே எழுதலாம். காலாண்டுக்கு இரண்டு ஷிப்ட் பில்லிங்ஸில் ஒரு பெரிய எமர்ஜென்சியில், உங்கள் சம்பளத்திலேயே. வருஷத்துக்கு ஒரு நாள் அனஸ்தீசியாவோடு ஆபரேஷன் தியேட்டரில். இதைக் கொடுக்கிற ஆஸ்பத்திரி அபூர்வம். மணிக்கு 15 டாலர் கூட்டிக் கொடுப்பதைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

ஊரைப் பார்க்க வருகிறவர் கண்டிப்பாகச் செய்வது ஒன்று உண்டு: உயிர்காப்புச் சிகிச்சை நடக்கும் ரெசஸ் அறைக்குப் போய் ஏர்வே கார்ட்டின் இழுப்பறைகளைத் திறந்து பார்ப்பார். வீடியோ லாரிங்கோஸ்கோப் (ட்யூப் போடத் தொண்டையைக் காட்டும் கேமரா) சார்ஜில் இருக்கிறதா, பெரியவர் பிளேடு மட்டும்தானா, குழந்தை பிளேடும் உண்டா. பூஜி (ட்யூபுக்கு வழிகாட்டும் குச்சி) மேல் இழுப்பறையிலா, அலமாரியின் அடியிலா. கழுத்தில் துளையிடும் கிட்டில் 10ஆம் எண் கத்தி, பூஜி, 6.0 கஃப் ட்யூப் மூன்றும் ஒரே பையில் இருக்கின்றனவா. ட்யூப் போடத் தேவையான மருந்துகளான கெட்டமின், ரோக்குரோனியம் கைக்கெட்டும் தூரத்திலா, இரவில் பூட்டிய ஃபார்மசியிலா. எத்தனை யூனிட் ஓ நெகட்டிவ் ரத்தம். ரத்தக்கட்டைக் கரைக்கும் டெனெக்டெப்ளேஸ் இருக்கிறதா. காலாவதியான ட்யூப் ஒன்று கண்ணில் பட்டால் உங்கள் சைன்-ஆன் போனஸ் எவ்வளவு என்று அவர் கேட்கவே மாட்டார். விளம்பரத்துக்கு முன்னால் ஒரு நாள் ஒதுக்கி நர்ஸ் மேனேஜரும் ஃபார்மசிஸ்ட்டும் சேர்ந்து அந்த அறையைச் சரிசெய்யட்டும்.

வெண்பனி

நர்சிங் பக்கத்திலிருந்து. இரவில் எமர்ஜென்சிக்கு எத்தனை நர்ஸ்? இரண்டு பேர் இருந்து அவர்களே வார்டையும் பார்க்கிறார்கள் என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். டாக்டர்கள் வேலையை விட்டுப் போவதற்கு நோயாளிக் கூட்டத்தைவிட இரவு மூன்று மணிக்கு உதவிக்கு ஆளில்லாததுதான் காரணம்.

அடுத்தது டிரான்ஸ்ஃபர். "ஒரு நோயாளியை அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்" என்று கேட்டால் பதில் சொல்ல எண் வேண்டும். ஆறு மாதத்துக்கு நான்கு நேரங்களைக் குறியுங்கள்: அனுப்ப முடிவு செய்த நேரம், முதல் ஃபோன், அங்கே ஏற்றுக்கொண்ட நேரம், வண்டி கிளம்பிய நேரம். ஸ்டெமி என்ற கடும் மாரடைப்பு வந்தால் முதல் மருத்துவத் தொடர்பிலிருந்து 120 நிமிடத்தில் அடைப்பைத் திறக்கும் பலூன் போட முடியாது என்றால் 30 நிமிடத்துக்குள் த்ராம்போலிசிஸ், அதாவது கட்டைக் கரைக்கும் மருந்து. இரண்டரை மணி நேர சாலையில் பெரும்பாலும் அதுதான் நிலை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் இதை ஃபோனில் விவாதிக்க வேண்டியதில்லை, பில்லிங்ஸ் கார்டியாலஜியோடு சேர்ந்து கையெழுத்திட்ட புரோட்டோகால் சுவரில் இருக்க வேண்டும். 75 வயதைத் தாண்டியவருக்கு டெனெக்டெப்ளேஸ் பாதி அளவு என்பது உட்பட.

பனிப்புயலில் ஹெலிகாப்டர் பறக்காது. அப்போது தரை வழியாக அனுப்பினால் ஊரின் ஒரே ஆம்புலன்ஸ் ஐந்து ஆறு மணி நேரத்துக்கு வெளியே. அந்த நேரத்தில் பக்கத்துக் கவுண்டியோடு பரஸ்பர உதவி ஒப்பந்தம் இருக்கிறதா? வேலைக்கு வருபவர் இதைக் கேட்பார், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டும்.

டெலி-எமர்ஜென்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் 2003இலேயே கிராமத்து எமர்ஜென்சிகளுக்கு இதைத் தொடங்கியது. சௌத் டகோட்டாவின் சூ ஃபால்ஸிலிருந்து அவெரா 2009இல் தொடங்கியது. சுவரில் பொத்தான், கூரையில் கேமரா, அழுத்தினால் மறுபக்கம் ஒரு எமர்ஜென்சி டாக்டரும் நர்ஸும். உங்கள் டாக்டர் ட்யூப் போடும்போது மறுபக்க நர்ஸ் நேரமும் மருந்தும் எழுதிக்கொள்வார், அவர்களே டிரான்ஸ்ஃபர் ஃபோனும் செய்வார்கள். தனியாக நிற்கிறவருக்கு இது பெரிய பலம். கெடுவது எப்போது என்றால், மாதக்கணக்கில் அழுத்தாமல் விட்டு, தேவைப்படும்போது நெட்வொர்க் பாஸ்வேர்டு மாறியிருப்பது. வாரம் ஒரு நாள் ஷிப்ட் மாறும்போது சோதனை அழைப்பு வையுங்கள். அந்தப் பக்க டாக்டர்களுக்குத் தனித்தனியாகக் கிரெடென்ஷியலிங் தேவையில்லை, 2011 மெடிகேர் விதிப்படி அவர்கள் நிறுவனத்தின் சரிபார்ப்பையே உங்கள் ஆஸ்பத்திரி ஒப்பந்தம் போட்டு ஏற்றுக்கொள்ளலாம்.

கிராமத்து_நிர்வாகி

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்விகள். ஒன்று, ஜே-1 விசா டாக்டர்களை (பயிற்சிக்காக வந்த வெளிநாட்டு டாக்டர்கள்) எடுக்கச் சொல்கிறார்கள், எமர்ஜென்சிக்கு அது ஒத்துவருமா? இரண்டு, இரவில் மட்டும் பி.ஏ. (பிசிஷியன் அசிஸ்டன்ட், டாக்டர் அல்லாத மருத்துவப் பணியாளர்) ஒருவரை வைத்து டாக்டர் வீட்டில் ஆன்-காலில் இருக்கலாமா?

விசா_வழித்துணை

முதல் கேள்விக்கு நான். ஜே-1 டாக்டர்களுக்கு விலக்கு தரும் கான்ராட் 30 திட்டத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருஷத்துக்கு 30 இடம். மூன்று வருஷம் எச்-1பி வேலை விசா நிலையில், பற்றாக்குறைப் பகுதியில் வேலை செய்தால் சொந்த நாட்டுக்கு இரண்டு வருஷம் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனை நீங்கும். 30இல் 10 வரை ஃப்ளெக்ஸ் இடங்கள், பற்றாக்குறைப் பகுதிக்கு வெளியே இருந்தாலும் அந்தப் பகுதி மக்களுக்குச் சேவை செய்யும் ஆஸ்பத்திரிக்குத் தரலாம். ஃபெடரல் நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குவதால் அதையொட்டி விண்ணப்பம் திறக்கும். பெரிய மாநிலங்களில் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.

எமர்ஜென்சியில் சிக்கல் எங்கே என்றால் மணி நேரத்தில். விதி வாரம் 40 மணி நேரம் கேட்கிறது. இரவுப்பணி டாக்டர் சொன்ன மாதம் ஆறு ஷிப்ட் என்பது 144 மணி, வாரத்துக்கு 33தான் வருகிறது. வருஷ சராசரியில் 40 வர மாதம் 173 மணி, அதாவது ஏழு ஷிப்டுக்குக் கொஞ்சம் மேல். அதிலும் மாதத்தில் இரண்டு வாரத்தில் குவித்து வேலை செய்வதை மாநிலம் ஏற்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்னால் மாநிலச் சுகாதாரத் துறையின் பிரைமரி கேர் அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டு வாங்குங்கள். ஃபேமிலி மெடிசின் டாக்டராக இருந்தால் கிளினிக் நாட்களைச் சேர்த்து 40 ஆக்குவது எளிது. ஸ்பெஷாலிட்டிக்கு எத்தனை இடம் ஒதுக்குகிறார்கள் என்பதையும் கேளுங்கள், பல மாநிலங்கள் பிரைமரி கேருக்கு முன்னுரிமை தருகின்றன.

ஒப்பந்தத்தில் போட்டித் தடைப் பிரிவு, அதாவது நான்-காம்பீட், இருக்கக் கூடாது. விலக்கு கிடைத்து 90 நாளுக்குள் வேலை தொடங்கச் சம்மதம் வேண்டும். எச்-1பிக்கு யு.எஸ்.எம்.எல்.இ. என்ற டாக்டர் உரிமத் தேர்வின் மூன்றாம் படி முடிந்திருக்க வேண்டும், மாநில லைசென்ஸ் கையில் வேண்டும். கடைசி வருஷ ரெசிடென்ட்டை ஆகஸ்ட்டில் பேசி, செப்டம்பரில் ஒப்பந்தம், அக்டோபரில் விண்ணப்பம் என்று போனால்தான் அடுத்த ஜூலை, ஆகஸ்ட்டில் ஆள் வருவார். பிப்ரவரியில் ஆரம்பித்தால் பெரும்பாலும் ஒரு வருஷம் போச்சு. மூன்று வருஷம் முடிந்ததும் போய்விடுவார்கள் என்று பயப்படுபவர்கள், இரண்டாம் வருஷமே கிரீன் கார்டு விண்ணப்பத்தை ஆஸ்பத்திரி செலவில் தொடங்கிக் கொடுங்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு அந்த வரிசை மிக நீளம், அக்கறையோடு கூட நிற்கிற முதலாளியை அவர்கள் விட்டுப் போகத் தயங்குவார்கள்.

குடும்ப_வைத்தியர்

பி.ஏ. கேள்விக்கு. ஃபெடரல் விதி அனுமதிக்கிறது. கிரிட்டிகல் ஆக்சஸ் ஆஸ்பத்திரியில் டாக்டர், பி.ஏ., என்.பி. (நர்ஸ் பிராக்டிஷனர்) இவர்களில் ஒருவர் 30 நிமிடத்தில் வந்து சேரும்படி ஆன்-காலில் இருந்தால் போதும், மிகத் தொலைவான ஃப்ரான்டியர் பகுதியில் 60 நிமிடம். ஒரு டாக்டர் 24 மணி நேரமும் ஃபோனில் கிடைக்க வேண்டும். மொன்டானாவில் இப்படி நடத்தும் சிறு ஆஸ்பத்திரிகள் உண்டு. இந்த மாநிலம்தான் 1980களின் இறுதியில் நோயாளியை 96 மணி நேரம் வரை வைத்திருக்கலாம் என்ற வரம்போடு சிறு ஆஸ்பத்திரி மாதிரியைப் பரிசோதித்தது, 1997இல் வந்த கிரிட்டிகல் ஆக்சஸ் திட்டத்துக்கு அது முன்னோடி. மறுபக்கம் இண்டியானா, வர்ஜீனியா போன்ற மாநிலங்கள் எமர்ஜென்சியில் எப்போதும் டாக்டர் நேரில் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டன. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று கவனியுங்கள்.

இரவுப்பணி

நாளைக்கு 15 பேர் வரும் இடத்தில் பி.ஏ.வை இரவில் தனியாக நிறுத்துவதை நான் எதிர்க்கிறேன். வரும் 15 பேரில் உயிருக்கு ஆபத்தானவர் யார் என்று முன்கூட்டியே தெரியாது. அவரை மதியம் 12 முதல் இரவு 10 வரை டாக்டரோடு சேர்த்துப் போடுங்கள். கூட்டம் அந்த நேரத்தில்தான். தையல், சுளுக்கு, காய்ச்சல் எல்லாம் அவர் பார்த்தால் 24 மணி ஷிப்ட் டாக்டருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும், அந்த ஷிப்டை வருஷக்கணக்கில் தாங்குவார்.

வரவுசெலவு

ஒப்பந்தம் எழுதப் போகிறீர்கள் என்பதால் மூன்று விஷயம். முதலில், யார் முதலாளி? ஆஸ்பத்திரி லாப நோக்கற்றதாகவோ கவுண்டியுடையதாகவோ இருந்து, டாக்டர் நேரடி ஊழியராக இருந்தால், 120 மாதத் தவணைக்குப் பிறகு பி.எஸ்.எல்.எஃப். (பொதுச் சேவை ஊழியருக்கான மத்திய அரசுத் திட்டம்) வழியாக மிச்சக் கல்விக்கடன் தள்ளுபடி. லாப நோக்குள்ள ஆள்நிரப்பு நிறுவனம் வழியாக எடுத்தால் மொன்டானாவில் அது கிடைக்காது. மூன்று லட்சம் டாலர் கடனோடு வருகிற இளம் டாக்டருக்கு இது சைன்-ஆன் போனஸைவிடப் பெரிய தொகை. விளம்பரத்தின் முதல் வரியில் போடுங்கள்.

இரண்டாவது, மால்பிராக்டிஸ் (சிகிச்சைத் தவறு வழக்கு) இன்ஷூரன்ஸ். க்ளெய்ம்ஸ்-மேட் பாலிசியானால் (பாலிசி நடப்பில் இருக்கும்போது வரும் வழக்குக்கு மட்டும்) விலகும்போது டெயில் (பிறகு வரும் வழக்குக்கான நீட்டிப்பு) யார் கட்டுவது என்று எழுதுங்கள். டெயில் வருஷ பிரீமியத்தைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரும். ஆஸ்பத்திரி கட்டும் என்று ஒரே வாக்கியம், நிபந்தனை இல்லாமல். இதில் மழுப்பினால் விவரம் தெரிந்த டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார்.

மூன்றாவது, காலக்கணக்கு. டாக்டர் லைசென்ஸுக்காக மாநிலங்கள் போட்டுக்கொண்ட இன்டர்ஸ்டேட் காம்பாக்ட் ஒப்பந்தத்தில் மொன்டானா உறுப்பினர், தகுதி உள்ளவருக்கு லைசென்ஸ் சில வாரத்தில் வரும். கிரெடென்ஷியலிங் 60 முதல் 90 நாள், இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் பதிவு இன்னும் 90 நாள். இவை ஒன்றன்பின் ஒன்றாகப் போனால் ஆறு மாதம் ஓடும், அதற்குள் அவர் வேறு இடம் போய்விடுவார். கையெழுத்தான அன்றே மூன்றையும் ஒரே ஆள் கையில் கொடுத்து இணையாக நடத்துங்கள்.

கிராமத்து_நிர்வாகி

விமானத்தில் வரும் டாக்டர்கள் குளிர்காலத்தில் வழியில் மாட்டிக்கொண்டால் ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது?

இரவுப்பணி

ஷிப்டுக்கு முந்தின இரவே ஊரில் இருக்க வேண்டும் என்று எழுதி, அந்த இரவுக்கு ஒரு நிலையான தொகை கொடுங்கள். ஹோட்டல் வேண்டாம், ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு வீடு எடுங்கள். தடித்த திரை, தனித்தனிப் படுக்கையறை, துணி துவைக்கும் மெஷின், கராஜில் கார் எஞ்சினைச் சூடாக வைக்க ப்ளக். மாற்று டாக்டர் வந்து சேராவிட்டால் இருக்கிறவர் அதிகபட்சம் 12 மணி நேரம் தொடரலாம், அதற்கு ஒன்றரை மடங்கு. அதற்கு மேல் ஊரில் இருக்கும் ஃபேமிலி மெடிசின் டாக்டர் ஒருவர் பின்துணை. நவம்பர் முதல் ஏப்ரல் வரை அந்தப் பின்துணைக்கும் நாளுக்கு இவ்வளவு என்று ஆன்-கால் தொகை, பெயரோடு அட்டவணையில். "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் முதல் புயலிலேயே ஒருவர் 60 மணி நேரம் நிற்க வேண்டி வரும், அடுத்த மாதம் அவர் ராஜினாமா கடிதம் வரும்.

வெண்பனி

அந்தப் பின்துணை டாக்டருக்கும் ஏர்வே கார்ட் பயிற்சியில் இடம் கொடுங்கள். அட்டவணையில் பெயர் இருந்து, வீடியோ லாரிங்கோஸ்கோப்பை அவர் தொட்டே பார்க்கவில்லை என்றால் பிரயோஜனம் இல்லை.